இன்னும் ஒரு சோல்

"இங்கிருந்து கிளம்பிட்டா திரும்பி வரவே மாட்டோம். இன்னும் ஒரு சோல் மட்டும் கொடுங்க." எங்கள் செவ்வாய் ஊர்தியின் திட்டக் கூட்டத்தில் சக ஆய்வாளர் ஒருவர் கேட்டது இவ்வளவுதான். சோல் என்றால் செவ்வாயின் ஒரு நாள். அன்றைய முடிவு என் கையில் இருந்தது. "இல்லை, கிளம்பலாம்" என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இது இத்தனை நாள் உறுத்தியிருக்காதோ என்னவோ.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளிறிய சேற்றுப்பாறை. அதில் மிளகளவு கருமுடிச்சுகள். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, கால்சியம் சல்பேட். கோடு முடிச்சை வெட்டிக்கொண்டு போகிறதா, அல்லது முடிச்சு கோட்டின் மேல் வளர்ந்திருக்கிறதா? வெட்டியிருந்தால் முடிச்சுதான் மூத்தது. சேறு இறுகுவதற்கு முன்பே உருவாகியிருக்கலாம். மேலே வளர்ந்திருந்தால், சேறு பாறையாகி, விரிசல் விட்டு, விரிசலில் உப்பு படிந்த பிறகும் நிலத்தடி நீர் அங்கே ஊறியிருக்கிறது. ஓர் இடம் உயிர் வாழத் தக்கதாக இருந்ததா என்று கேட்டால், நீர் இருந்ததா என்பதோடு எவ்வளவு காலம் நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் படத்தில் கோடும் முடிச்சும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பாறை விளிம்பின் நிழல். வேறொரு வேளையில் இன்னொரு படம் எடுத்திருந்தால் போதும்.

ஆனால் புளூட்டோனிய வெப்பத்தில் இயங்கும் ஊர்திக்கு மின்சாரம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். மேலே ஏற வேண்டிய அடுக்குகள் பாக்கி. ஒவ்வொரு கல்லுக்கும் வாதாட ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரு சோல் கொடுத்தால் சரிவிலேயே ஊர்தியின் ஆயுள் முடிந்துவிடும். இதை இன்றும் நம்புகிறேன்.

நம்பிக்கொண்டே கியூரியாசிட்டி என்ற நாசாவின் செவ்வாய் ஊர்தியையும் நினைத்துக்கொள்கிறேன். 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கியபோது அதன் இலக்கு ஷார்ப் மலை. குழுவோ அதை எதிர்த்திசையில், அரை கிலோமீட்டர் தள்ளி, எல்லோநைஃப் பே என்ற தாழ்நிலத்துக்கு ஓட்டியது. 2013 பிப்ரவரியில் 6.4 செ.மீ. ஆழம் துளைத்ததும் சிவப்புத் தோலுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத் தூள் வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். உப்பும் அமிலமும் மிகாத நீரின் தடயம். நுண்ணுயிர் வாழத் தக்க சூழல் செவ்வாயில் இருந்தது என்று துணிந்து சொல்ல வைத்தது அந்தச் சுற்றுவழி. அதற்கு முந்தைய செவ்வாய் ஊர்தியான ஸ்பிரிட்டின் கதை இன்னும் விசித்திரம். பழுதான சக்கரம் இழுபட்டுக் கீறிய மண்ணில்தான் 2007இல், நீரின் இன்னொரு தடயமான சிலிக்கா வெளிப்பட்டது. அதை யாரும் திட்டமிடவில்லை.

எல்லோநைஃப் போனவர்களுக்காவது காரணம் இருந்தது: அந்தப் பக்கத்தில் மூன்று வகை நிலங்கள் சந்திப்பதைச் சுற்றுக்கலப் படங்கள் காட்டின. எங்களிடம் இருந்தது ஒரு நிழல் மட்டுமே. அது போதாது என்றுதான் அன்று நினைத்தேன். போதாதது எது, நிழலா, என் பொறுமையா என்று பிறகு யோசித்திருக்கிறேன். பின்னொரு கூட்டத்தில் வேறொருவர் இதேபோல் கேட்டார், உடனே ஒப்புக்கொண்டேன். சாதாரணத் தூசு படிந்த கல். அந்த சோலைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அப்படியானால் முதலாமவருக்கு ஏன் மறுத்தேன் என்பதற்குப் பதிலும் இல்லை.

கட்டுரை எழுதும்போது அந்தப் பாறைக்கு ஒரே வாக்கியம்தான் கிடைத்தது: முடிச்சு முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். வரைவை அவருக்கு அனுப்பினேன். வேறு பத்திகளில் நிறையத் திருத்தியிருந்தார். அந்த வாக்கியத்தில் மட்டும் கைவைக்கவில்லை. ஒப்புக்கொண்டாரா, விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.