காதுச் சோணை மட்டும் சிவக்கவில்லை

அறுபதைக் கடந்த அவர் முதலில் என்னிடம் வந்தது, கால்களில் தோன்றிய வலியுள்ள சிவந்த முடிச்சுகளுக்காக. வாயில் அடிக்கடி புண் வருகிறது என்றும் சொன்னார். தோலில் சிறு துண்டெடுத்து பயாப்சிக்கு அனுப்பினேன். அழற்சி என்று மட்டுமே முடிவு வந்தது. மருந்தில் முடிச்சுகள் அடங்கின. அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

எட்டு மாதம் கழித்து வலது காது வீங்கி வந்தார். கிருமித்தொற்று என்று வேறோர் இடத்தில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். மடல் முழுவதும் கருஞ்சிவப்பு. விரல் பட்டதும் முகத்தைச் சுளித்தார். ஆனால் கீழே தொங்கும் சோணை மட்டும், கோடு கிழித்து ஒதுக்கியதைப் போல, இயல்பான நிறத்தில் இருந்தது. சோணையில் குருத்தெலும்பு கிடையாது. கிருமி அந்த எல்லையைப் பார்த்து நிற்காது. குருத்தெலும்பைத் தேடித் தாக்கும் நோய்தான் அங்கே நிற்கும்.

"போன மாதம் இடது காது இப்படித்தான் இருந்தது டாக்டர், தானாகவே சரியாகிவிட்டது" என்றார்.

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் குருத்தெலும்பையே தாக்கும் இந்த நோய் 1923இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. விட்டுவிட்டு வருவதைக் குறிக்கும் 'ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ்' என்ற பெயர் 1960இல் வந்தது. 200 நோயாளிகளை ஆராய்ந்து 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் மூன்றில் ஒருவருக்கும் மேல் தோலிலோ வாயிலோ அறிகுறிகள் இருந்தன. முடிச்சு, ரத்தப்புள்ளி, சீழ்க்கொப்புளம், வலைபோன்ற நிறமாற்றம் என்று அவை பல வேடங்களில் வரும். சிலருக்குக் காது வலிக்கும் முன்பே தோலில் தெரிந்துவிடும். ஒரே ஒரு அடையாளம் என்று இல்லாததால்தான் நாம் தவறவிடுகிறோம்.

அவருடைய குரல் கரகரத்தது. எனக்கு அதுதான் பயம். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பதும் குருத்தெலும்புதானே. அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினேன்: குழாயின் சுவர் தடித்திருந்தது, இன்னும் சுருங்கவில்லை. தாமதிக்காமல் ஸ்டீராய்டு தொடங்கினோம். ரத்தச் சோகையும் பெருத்த சிவப்பணுக்களும் இருந்ததால் யுபிஏ1 மரபணுவையும் சோதிக்கச் சொன்னோம். அந்த மரபணு மாற்றத்தால் வரும் வெக்ஸாஸ் நோய் 2020இல்தான் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் வயதான ஆண்களுக்கே வருகிறது, தோலையும் காதையும் சேர்த்துத் தாக்கும்.

அன்று மாலை அவருடைய பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முடிச்சுகளின் அளவு, நிறம், எண்ணிக்கை எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. காதில் எப்போதாவது வலி வந்ததா என்று கேட்டதற்கான ஒரு வரி அதில் இல்லை.