கற்பூரப் பிடி போய் கொம்புப் பிடி

இங்கிலாந்தில், செஸ்டர்ஃபீல்டின் வியாழக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் இரண்டு மடக்குச் சவரக்கத்திகள் வாங்கினேன். ஒன்றில் கத்தி நன்றாக இருந்தது, பிடி நாசம். இன்னொன்றில் கத்தி பாதியில் ஒடிந்திருந்தது, ஆனால் எருமைக்கொம்புப் பிடி முழுசாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்பது திட்டம். ஒரு வார இறுதி போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

நல்ல கத்தியின் வாலில், அதாவது கூர் இல்லாத பின்பகுதியில், வேட் அண்ட் புட்சர், ஷெஃபீல்டு என்று செய்தவர் பெயரும் ஊரும் முத்திரை, பக்கத்தில் அம்பும் சிலுவையும். 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை. 1890-இல் வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் நாட்டுப் பெயர் இல்லாத ஷெஃபீல்டு கத்தியைப் பொதுவாக அதற்கு முந்தையது என்பார்கள். உள்ளூரில் விற்ற கத்திக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் இது துப்புதான், சாட்சி அல்ல. ஆனாலும் அந்தக் காலத்து ஷெஃபீல்டு கத்திக்குக் கொம்பு பொருத்தமான பிடி. மனசு சமாதானமாயிற்று.

அந்தக் கத்தியின் நாசமான பிடி செல்லுலாய்டு, பழைய வகை பிளாஸ்டிக். நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் கலந்து செய்வது. நல்ல நிலையில் உள்ளதை அரத்தால் தேய்த்தால் சாமி அறை வாசனை வரும். என்னுடையதில் வந்தது மூக்கை எரிக்கும் புளித்த நெடி. செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் வாயு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. கத்தியை மடக்கி வைத்தால் அந்த அமிலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். என் கத்தியில் துரு பிடித்திருந்த இடமும் பிடிக்குள் மறையும் பகுதிதான், கோடு போட்ட மாதிரி. பிடியைத் துடைத்து மெருகேற்றி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அது கத்தியைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஆணித் தலைகளை அரத்தால் ராவி, மெல்லிய துளையாணியால் தட்டி இரண்டையும் பிரித்தேன். துருவை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். 320-ஆம் எண் தாளில் ஆரம்பித்து 2000 வரை (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), எண்ணெய் விட்டு, நான்கு மாலைகள். மின்கருவியில் அரை மணி நேர வேலைதான். ஆனால் மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும், திரும்ப வராது. குழிகள் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. எடுத்தால் முத்திரையும் சேர்ந்து போயிருக்கும்.

பிடி என்பது கத்திக்கு இருபுறமும் வரும் இரண்டு தகடுகள். கொம்புத் தகடுகளில் ஒன்று வெளிப்பக்கம் வளைந்திருந்தது, பூச்சி அரித்த பள்ளமும் ஒன்று. கொம்பு நம் நகம் மாதிரி கெரட்டின், சூட்டில் இளகும். கொதித்து இறக்கிய வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே இறுக்கி இரவு முழுக்க வைத்தேன். காலையில் நேராகியிருந்தது. பள்ளத்தில் கொம்புத் தூளும் சூப்பர் பசையும். அப்புறம் ஒரு வாரம் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் தடவி வைத்தேன். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுப்பது அது. வெளிறிக் கிடந்த கொம்பு கரும்பச்சையும் தேன் நிறமுமாக விழித்துக்கொண்டது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த வாரம் இதுதான்.

பிடியின் பின்முனையில் இரண்டு தகடுகளுக்கும் இடையே ஓர் ஆப்பு இருக்கும். என் தொல்லையெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. கொம்புப் பிடியில் இருந்தது ஈய ஆப்பு. ஈயம் என்பதால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, கையுறையோடு ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ஆணி அடிப்பதற்கு முன் குட்டித் திருகும் நட்டும் போட்டு மாட்டிப் பார்த்தேன். மடக்கினால் கத்தி முனை வலது தகட்டில் இடித்தது. வளைவு சரியாகவில்லையோ என்று தகட்டைத் திரும்ப வெந்நீரில் போட்டேன், ஒரு பயனும் இல்லை. பிறகுதான் ஆப்பை அளந்தேன். ஒரு ஓரம் கால் மில்லிமீட்டர் தடிப்பு. தலைகீழாகத் திருப்பி வைத்தேன், கத்தி நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் தகட்டைத் திட்டியது வீண்.

ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. முதல் ஆணியைக் கொஞ்சம் நீளமாக விட்டு அவசரமாக அடித்ததில் அது உள்ளுக்குள் வளைந்துவிட்டது. ராவி எடுத்துவிட்டு, இருபுறமும் முக்கால் மில்லிமீட்டர் மட்டும் நீட்டி, குட்டிச் சுத்தியலால் கதவைத் தயங்கித் தட்டுவது போலத் தட்டினேன். கொம்பு தப்பித்தது.

பிறகு கூர் தீட்டல். சாணைக்கல் 1000, 4000, 8000, 12000, இங்கேயும் எண் கூடினால் நைசு. புதிதாக மெருகேற்றிய முதுகு தேயாமல் இருக்க அதன் மேல் ஒரு சுற்று டேப். 1000-த்திலேயே ஒன்றரை மணி நேரம். விளிம்பு நேர்க்கோடாக இல்லாமல் லேசாகச் சிரித்த வளைவு என்பதால், கத்தியை உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டியிருந்தது. கடைசியில் தோல்வாரில் அறுபது இழுப்பு.

நேற்று முதல் சவரம். கன்னங்களில் வழுக்கிக்கொண்டு போனது. முகவாயில் மட்டும் முடியைப் பிடித்து இழுக்கிறது, முனைப் பக்கம் இன்னும் கூர் ஏறவில்லை போல. சனிக்கிழமை திரும்ப 8000.