எங்கள் ராக் சிங்கிள் வெளிவந்த கதை: டிரம்ஸ், அட்டைப்படம், ஒரு பக்திப் பாடல் பக்கம்

எங்கள் இசைக்குழுவின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாடல்) ஒருவழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் ஆகிய தளங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாடல் எழுதியது, மெட்டமைத்தது, ஒத்திகை பார்த்தது எல்லாம் எந்தக் குழுவுக்கும் நடப்பதுபோலவே நடந்தன. அதன் பிறகு பட்ட பாட்டைத்தான், சென்னையில் இதே வேலையில் இறங்கவிருக்கும் குழுக்களுக்காக எழுதி வைக்கிறேன்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டுடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பல, டப்பிங்குக்கும் குரல்பதிவுக்கும் என்று கட்டப்பட்டவை. திரையிசையில் தாளத்தின் பெரும்பகுதி கணினியிலேயே புரோகிராமிங்காக முடிந்துவிடுவதால், முழு டிரம்ஸ் செட்டையும் விரித்து, கிக், ஸ்நேர், டாம், சிம்பல் என்று அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்யும் அளவுக்குப் பெரிய அறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த அறையில் பேஸ் ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸும் அருகருகே இருந்தன. பேஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம் ஸ்நேரின் அடியில் இருக்கும் கம்பிகள் தாமாகவே சலசலத்தன. அதைச் சுட்டிக்காட்டியபோது சவுண்டு என்ஜினியர், "தம்பி, நீங்க வாசிங்க, மிச்சத்தை மிக்ஸிங்குல பாத்துக்கலாம்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம், பதிவான ஒலிகளையெல்லாம் கலந்து சமன்செய்த மிக்ஸ் வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் டிரம்மர் வாசித்த ஸ்நேரை மொத்தமாக எடுத்துவிட்டு, அந்த இடங்களில் எல்லாம் ஏற்கெனவே பதிவான ஒரே ஒலித்துண்டை (சாம்பிள்) ஒட்டி வைத்திருந்தார். மெல்லிய தட்டல்கள் அனைத்தும் மறைந்து, ஒவ்வோர் அடியும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் ஒலித்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகப் பதிவான அசல் டிராக்குகளைக் கேட்டதற்கு, அவை அடங்கிய செஷன் ஃபைலைத் தரும் வழக்கம் இல்லை என்றும், வேண்டுமானால் தனிக் கட்டணம் ஆகும் என்றும் பதில் வந்தது. முன்பணம் கொடுத்தபோது யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியவர் டிரம்மர்தான். பதிவு முடிந்த ஒவ்வோர் இரவும் அங்கிருந்த உதவியாளரிடம், "அண்ணா, வீட்டுல கேட்டுப் பாக்கணும், அப்படியே காப்பி போட்டுக் குடுங்க" என்று சொல்லி, எல்லா டிராக்குகளையும் வேவ் ஃபைல்களாகத் தன் ஹார்டு டிஸ்க்கில் வாங்கி வைத்திருந்தார். அவற்றை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் மிக்ஸிங்கைப் புதிதாகத் தொடங்கினோம். ஸ்நேர் கம்பியின் சலசலப்பு இன்னமும் பாடலில் ஓரிரு இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடித்தே இருக்கிறது. இறுதி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் சிக்கல் ஏதுமில்லை. ஸ்பாட்டிஃபை எப்படியும் ஒலியளவை சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்படுத்திவிடும் என்பதால், சத்தத்தைக் கூட்டுவதற்காகப் பாடலை நசுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

அடுத்தது, பாடலைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அட்டைப்படத்தை 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் என்ற அளவில் கேட்டார்கள், அப்படியே கொடுத்தோம். பாடகரின் தங்கை பாடல் தலைப்பைத் தமிழில் கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த எழுத்துதான் படத்துக்கே உயிர். படிவத்திலோ தலைப்பை ஆங்கில எழுத்துகளில் நிரப்பியிருந்தோம். சில நாள் கழித்து, படத்தில் இருக்கும் எழுத்தும் கொடுத்த விவரமும் பொருந்தவில்லை என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் ஒரே சொல்தான், எழுத்துமுறைதான் வேறு என்று விளக்கி எழுதினால், அதே வரியை மறுபடியும் ஒட்டி அனுப்பினார்கள். தொலைபேசி எண் கிடையாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் இருந்தாரா என்பதே சந்தேகம். கடைசியில் எழுத்தையே நீக்கி வெறும் படத்தை அனுப்பினோம், உடனே ஏற்கப்பட்டது. அந்தத் தங்கைக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

இந்த இழுபறியில் குறித்திருந்த வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது. 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதிய பாடல்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன என்பதால், தவறினால் அடுத்த வெள்ளிக்கிழமைதான். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று காத்திருந்தது. ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாடலைப் பரிந்துரைக்க, அது வெளியாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 7 நாள் முன்னதாக விண்ணப்பித்தால், பின்தொடர்பவர்களுக்குப் புதிய பாடல்களைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் பாடல் இடம்பெறும். வெளியான பிறகு அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே வெளியீட்டுத் தேதியை அவசரமாகக் குறிக்காமல் நன்றாகத் தள்ளி வைத்தோம். ஒரு மாத இடைவெளி இல்லாமல் யாரும் தேதியை அறிவித்துவிட வேண்டாம், சுவரொட்டி அடிக்கவே வேண்டாம்.

வெளியான அன்று காலை எங்கள் பாடலைத் தேடினால், எங்கள் பெயரையே கொண்ட ஒரு பக்திப் பாடல் குழுவின் பக்கத்தில், முருகன் பாமாலைகளுக்கு நடுவே எங்கள் டிஸ்டார்ஷன் கிட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவர்களுடைய நேயர்கள் என்ன நினைத்தார்களோ! கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் தளம் வழியாக முறையிட்டுப் பாடலை எங்கள் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம். பதிவேற்றும்போது ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா, புதிதாக ஒன்று வேண்டுமா என்று கேட்கப்படும் இடத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நாங்கள் புதிய பக்கம் என்றே குறித்திருந்தும் இப்படி நடந்தது என்பதால், வெளியான முதல் மணி நேரத்திலேயே தேடிப் பார்ப்பதும் நல்லது.

பணம் தொடர்பான காகிதங்களில் எங்களுக்கு ஆச்சரியமாகச் சிக்கல் வரவில்லை. அமெரிக்க நிறுவனத்தின் வழியே வெளியிட்டால் டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் அங்கிருந்து வரும் வருமானத்தில் 30 சதவீதம் வரை வரியாகப் பிடிப்பார்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அவர்களுக்கான உரிமத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் தனியே பதிய வேண்டும். பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பாடல் பயன்படுவதற்கான தொகையை டிஸ்ட்ரிபியூட்டர் வசூலித்துத் தர மாட்டார். பாடலின் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் கேட்புக் கணக்கு கைவிட்டுப் போகாது. வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்புகளைத் தொடாத பாடலுக்கு 2024 முதல் காசே கிடையாது. நாங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம்.

இரண்டாவது பாடலுக்கு வேறு ஸ்டுடியோ பேசியிருக்கிறோம். எல்லா டிராக்குகளும் அன்றன்றே எங்கள் டிஸ்க்கில் ஏறிய பிறகுதான் மீதித் தொகை தரப்படும் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் டிரம்மரிடம் இருக்கிறது.