வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளை பார்க்கப் போகும் அம்மாக்களுக்கும்

எங்கள் கே.கே. நகர் பக்கம் யார் வெளிநாடு கிளம்பினாலும், டிக்கெட்டோடு ஏஜென்ட் கொடுக்கும் இன்சூரன்ஸ் தாளைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள்.

ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும். அது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. ஜெர்மனியில் படிக்கப் போகும் பிள்ளைக்கு இங்கே வாங்கிய டிராவல் பாலிசி முதல் சில நாட்களுக்குத்தான். பல்கலைக்கழகத்தில் சேர அந்த நாட்டு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை, மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்களைப் பற்றித்தான். சுகர், பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள், அக்கா. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பாலிசிகள் பணம் தராது. சிலவற்றில் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ஓரளவு கிடைக்கும். மறைத்தது தெரிந்தால் அதுவும் போச்சு. ‘டிடக்டிபிள்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகை வரை நம் கைக்காசு, அதற்கு மேல்தான் கம்பெனி கொடுக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்குச் சின்னத் தொகை பாலிசி எந்த மூலைக்கு?

அப்புறம், வழக்கமான மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு இங்கிருந்தே கொண்டு போங்கள். பாலிசி நம்பரும் அவசர உதவி நம்பரும் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும். தாளில் ஏதாவது புரியவில்லை என்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், சேர்ந்து படிப்போம்.