லெந்து நாட்கள், 2025

05.03.2025, புதன்
சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள் இன்றிலிருந்து. சாயங்கால ஆராதனைக்குப் போனேன். பீடத்தில் ஊதாத் துணி போட்டாயிற்று. நேற்று நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். இருந்தும் கோயிலுக்குள் அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 51-ஆம் சங்கீதம் வாசித்தார்கள். கட்டியில் ஊசி குத்திய இடம் இன்னும் வலிக்கிறது. ரிப்போர்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகுமாம்.

07.03.2025, வெள்ளி
இன்றும் அந்த டம்ளர்.

09.03.2025, ஞாயிறு
பாவ அறிக்கை சொல்லும்போது வாய் நின்றுபோனது. நினைவு, சொல், செய்கை என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். 27 வருஷமாக நானும் அந்தக் குரலோடுதான் சேர்ந்து போயிருக்கிறேன். கூட்டத்தோடு சொல்லும்போது எதையும் பேர் சொல்லிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்த பிறகும் நான் முழங்காலில் இருந்தேன். மூட்டு வலி என்று நினைத்திருப்பார்கள்.

கறி மீன் விட்டு ஐந்தாவது நாள். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

12.03.2025, புதன்
பீரோவைத் திறந்தால் கீல் சத்தம் போடுகிறது. எண்ணெய் விடலாம் என்று இவர் பத்து தடவை சொல்லியாயிற்று. நான்தான் வேண்டாம் என்கிறேன். 1998 ஜூன் மாதம் சீட்டுப் பணத்தில் வாங்கியது. சீட்டு விழுந்த பணம் பத்தாயிரம். அக்கா, மகளின் நர்சிங் படிப்புக்குக் கேட்டது எட்டாயிரம்.

பணம் கையில் இருந்தது. "இப்ப கையில இல்லக்கா" என்று சொன்னேன். சொன்னபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த அப்ளிகேஷன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். காப்பியை முழுக்கக் குடித்தாள். பிறகு எழுந்து, டம்ளரைத் தானே கழுவி, திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரட்டா" என்று கிளம்பினாள். எங்கள் வீட்டில் அவள் ஒருநாளும் டம்ளர் கழுவினதில்லை. என்னை வளர்த்தவள். நான்தான் ஓடி ஓடி வாங்கிக் கழுவுவேன்.

அன்று வாங்கி நான் கழுவியிருக்கலாம். அதையாவது செய்திருக்கலாம்.

15.03.2025, சனி
பீடத்து வெள்ளைத் துணியில் திராட்சை ரசக் கறை. குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, நகம் படாமல் விரல் நுனியால் மட்டும் தேய்க்க வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று தண்ணீர் மாற்றினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்னும் லேசாக மஞ்சள் வட்டம். கஞ்சி போட்டு, ஈரம் காயும் முன்பே தேய்த்துவிட்டேன். மடிப்பு உள்ளே போகிற மாதிரி வைத்தால் தெரியாது.

மடிப்பு உள்ளே போகிற மாதிரி.

19.03.2025, புதன்
தூக்கமில்லை. நாலு மணிக்கே எழுந்து நடந்தேன். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்து விளக்கு தெரிந்தது. 1826-ல் மிஷனரி ரேனியுஸ் ஐயர் கட்டிய கோயில், அடுத்த வருஷம் 200. ஆனால் கால் பாப்பாத்தியம்மாள் கோயில் பக்கம்தான் போனது.

அதைக் கட்டின குளோரிந்தாவைச் சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவள். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அந்த வாழ்க்கையைச் சொல்லி மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் அதே சுவார்ட்ஸ் ஐயர் கையால் பெற்றுக்கொண்டாள். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். அதில் முதல் பேர் அவளுடையது. 1785-ல் கோயில். ஊர்க்காரர்களுக்குக் கிணறும் வெட்டிக் கொடுத்தாள்.

கோயிலையும் கிணற்றையும்தான் எல்லாரும் சொல்கிறோம். மறுத்து அனுப்பிய அன்று ராத்திரி அவள் என்ன செய்திருப்பாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மறுத்தவரிடமே திரும்பப் போக எவ்வளவு தைரியம் வேண்டும்! கேட்ட இடத்தில் இல்லை என்றால் அக்கா மாதிரி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள்தானே நாம்.

24.03.2025, திங்கள்
ரிப்போர்ட் வந்துவிட்டது. வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து ஒருதடவை காட்டினால் போதும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். இவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தோம். காணிக்கை உறையில் ஆயிரம் ரூபாய் வைத்தேன்.

இரவு 11.40. பயம் போய்விட்டது. டம்ளர் போகவில்லை.

26.03.2025, புதன்
பயத்தில்தான் மன்னிப்புக் கேட்டேனா? சாகப்போகிறோம் என்று கணக்கை முடிக்கப் பார்த்தேனா? இப்போது அக்கா மகளைப் பார்க்கப் போகவேண்டும் என்கிற அவசரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

30.03.2025, ஞாயிறு
ஆராதனை முடிந்து சபை ஐயரிடம் உறையைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெயிலில் நின்றுகொண்டே சொன்னேன். அவர் வயது என் மகன் வயது. நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "கர்த்தர் எப்பவோ மன்னிச்சாச்சு, அம்மா. அதை நீங்க நம்பணும். ஆனா அக்கா பொண்ணு இன்னும் இருக்காங்கல்ல?" என்றார். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைச் சொன்னார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன இடம். "உறையை நான் வாங்கி வைக்கிறேன். நீங்க முதல்ல போயிட்டு வாங்க."

அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன் நான், ஏழாம் வகுப்பில்.

02.04.2025, புதன்
போகவில்லை. வெயில்.

04.04.2025, வெள்ளி
போகவில்லை.

08.04.2025, செவ்வாய்
போய் வந்தேன்.

நாசரேத்தில் இறங்கி வேறு பஸ். தேரி மண் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. மெஞ்ஞானபுரம் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. 192 அடி. சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்ததும் "அக்கா, ஊர் வந்துட்டு" என்று கத்துவேன். இன்றைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்கா மகள் மிஷினில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சித்தி, என்ன இந்த வெயில்ல" என்று எழுந்தாள். தலையில் பாதி நரை. அப்படியே அக்கா நெற்றி. காப்பி வேண்டாம் என்றேன். கலர் வாங்கிவர மகனை அனுப்பினாள்.

சொன்னேன். சீட்டுப் பணம் இருந்தது, பீரோ வாங்கினேன், இல்லை என்று பொய் சொன்னேன், உன் நர்சிங் படிப்பு என்னால்தான் போனது, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்தபடி இருந்தாள். ரொம்ப நேரம். பிறகு, "அம்மா சீட்டு முடிஞ்சு போச்சுன்னுல்லா சொன்னாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"காலேஜ்ல சீட்டு முடிஞ்சு போச்சு, நாமதான் லேட்டுன்னு சொன்னாங்க. உங்ககிட்ட கேட்டதையே சொல்லல. சாவுற வரைக்கும் சொல்லல."

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று டம்ளரைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறினவள், வீட்டுக்குப் போய்ச் சேருமுன் எனக்காக ஒரு பொய்யும் தயார் பண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். பதின்மூன்று வருஷம் அதைக் காப்பாற்றி வைத்திருந்து, 2011-ல் கல்லறைக்குள் கொண்டுபோய்விட்டாள். இன்றைக்கு நான் அதைத் தோண்டி எடுத்து அவள் மகள் மடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பையன் கலர் பாட்டிலோடு வந்தான். அவள் உள்ளே போனவள் வரவில்லை. "அம்மாவுக்குத் தலைவலியாம்" என்றான். அவன்தான் பஸ் ஸ்டாப் வரை வந்தான்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போக நினைத்திருந்தேன். போகவில்லை.

09.04.2025, புதன்
சொல்லாமலே இருந்திருக்கலாமோ.

11.04.2025, வெள்ளி
என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். இதற்குப் பேர் ஒப்புரவா? இவரிடம் கேட்டேன். "முடிஞ்சு போன காரியம், விடு" என்கிறார். முடியவில்லையே. அவளுக்கு மூன்று நாளைக்கு முன்னால்தானே ஆரம்பித்திருக்கிறது!

ஐயருக்குப் போன் போட்டேன். "கேட்கிறது உங்க வேலை, அம்மா. கொடுக்கிறது அவங்க வேலை. அதுக்கு நீங்க நாள் குறிக்க முடியாது. காத்திருங்க. அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். காத்திருக்க என்னால் முடியும். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தேனே. அது எனக்காகக் காத்திருந்தது. இது அவளுக்காக.

13.04.2025
குருத்தோலை ஞாயிறு. பவனியில் பிள்ளைகள் ஓசன்னா பாடிக்கொண்டு போனார்கள். ஓலையில் சிலுவை பின்னி ஒன்றை வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்னொன்று அவளுக்கு. எப்போது கொடுப்பேனோ.

17.04.2025, பெரிய வியாழன்
திருவிருந்துக்கு முன்னால் எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது. அவள் இன்னும் பேசவில்லை, நான் எப்படி எடுப்பது? வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் மெதுவாகத் தொட்டார்கள். போய் முழங்காலில் நின்றேன். விரித்திருந்தது நான் துவைத்த துணி. மஞ்சள் வட்டம் அந்தக் கோடியில் எனக்கு மட்டும் தெரிந்தது. அதன்மேல்தான் பாத்திரம் இருந்தது.

கைகளை நீட்டினேன். வலது கை மேலே, இடது கை கீழே. வேறு ஒன்றும் கொண்டுபோகவில்லை. அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவு லேசு. 27 வருஷத்தில் முதல்தடவை அது எனக்குத் தரப்படுகிறது என்று தோன்றியது. அவளிடமிருந்து வரவேண்டியது வேறு, இது வேறு என்று அங்கே தெளிந்தது. வீட்டுக்கு வந்தும் அழுதேன். ஆனால் அது அந்தப் பழைய அழுகை இல்லை.

18.04.2025, பெரிய வெள்ளி
பன்னிரண்டிலிருந்து மூன்று. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்கிற முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன், மற்ற ஆறும் காதில் விழவில்லை. கேட்காதவர்களுக்காக அவர் கேட்கிறார். அக்காவும் அதைத்தான் செய்திருக்கிறாள். ஒரு படிக்காத பீடி சுற்றுகிற பொம்பளை.

20.04.2025, ஞாயிறு
கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! நாலரை மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பீடத்தில் வெள்ளை. வாய்விட்டுப் பாடினேன், தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபோது அக்கா ஞாபகம் வந்தது. அக்காவாகவே வந்தாள். எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டு ரிப்பனை இழுத்துக் கட்டுகிற அக்கா. எத்தனை வருஷமாயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

இவரைக் கூப்பிட்டு பீரோ கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னேன்.

21.04.2025, திங்கள்
போப் பிரான்சிஸ் காலமாகிவிட்டார். 88 வயது. நேற்று ஈஸ்டருக்கு ஜனங்களுக்குக் கையசைத்ததை டி.வி.யில் பார்த்தோமே. எதிர்வீட்டு ஆர்.சி. அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

24.04.2025, வியாழன்
மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்து பார்த்தால் அக்கா மகளிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். திரும்பப் போட்டேன். ரிங் போய்க்கொண்டேயிருக்கிறது, எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் கேட்காமல் இருக்கும். சாயங்காலம் மறுபடி