முதுகில் தொங்கிய கொக்கிகள்

ஜூன் 2, திங்கள்

கட்டட வேலை தொடங்கும் முன் ஆட்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். 'உயிர் விலைமதிப்பற்றது' என்று ஆரம்பித்ததுமே பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கே அலுப்பாகத்தான் இருந்தது. மதியம் சாரத்தில் ஏழு பேர். எல்லோரும் பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தார்கள், ஆனால் விழுந்தால் பிடிக்கும் கயிற்றின் கொக்கியைக் குழாயில் மாட்டியிருந்தது இரண்டே பேர். மற்ற ஐந்தும் முதுகில் தொங்கின.

ஜூன் 3, செவ்வாய்

அபராதம் போடலாம் என்றார் இன்ஜினியர். போட்டால் என் தலை தெரியும்வரை மாட்டுவார்கள், அவ்வளவுதான். ஓய்வு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து, ஏன் மாட்டுவதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் வயதான கொத்தனார் ஒருவர், "சார், இங்கேர்ந்து தரை நாலு மீட்டர். கொக்கியைக் காலடிக் குழாயில மாட்டினா, கயிறு என்னைப் பிடிக்கிறதுக்குள்ள நான் தரையில கிடப்பேன்" என்றார்.

சாக்கு என்றுதான் நினைத்தேன். அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சியைத் தாங்கும் பட்டை பிரிந்து நீள்வது 1 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், கயிறு கோத்திருக்கும் பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை இன்னொரு 1.5. மொத்தம் 4.3 மீட்டர். அவர் சொன்னது சரி. இத்தனை நாள் அவரை அதட்டிய நான்தான் தப்பு.

ஜூன் 5, வியாழன்

சாரத்தின் ஓரம் முழுக்கக் கைப்பிடிக் குழாய், நடுக்குழாய், கால் பலகை போட்டாயிற்று. கொக்கி மாட்டத் தலைக்கு மேலே உறுதியான இடங்களும் தயார். அரை நாள் வேலை போயிற்று என்று இன்ஜினியர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். இரட்டைக் கொக்கிக் கயிறும் வந்துவிட்டது. ஒற்றைக் கொக்கியென்றால் ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் கழற்ற வேண்டும், நகரும் அந்த நேரத்தில் பிடிமானமே இருக்காது. இரண்டிருந்தால் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றலாம்.

ஜூன் 9, திங்கள்

மேஸ்திரியின் ஹெல்மெட்டில் ஆணி கிடந்தது. நல்ல உறுதியான டப்பா என்று சிரித்தார். எல்லோர் எதிரிலும் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, பசங்க என்னைப் பார்க்கிறதில்ல, உங்களைத்தான் பார்க்கிறாங்க" என்றேன். பதில் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

மேஸ்திரி தலையில் ஹெல்மெட், தாடைப் பட்டையும் போட்டிருந்தார். ஆணிக்கு வாளி வந்துவிட்டது. மதியத்துக்குள் அவருடைய ஆட்கள் எல்லோருக்கும் பட்டை ஏறியிருந்தது. நான் மூன்று மாதம் கத்தியும் நடக்காதது இது!

ஜூன் 12, வியாழன்

இரவு மழை. இரண்டு மீட்டர் ஆழப் பள்ளம், பக்கங்களுக்கு முட்டு இல்லை, தோண்டிய மண்ணும் விளிம்பிலேயே குவிந்திருந்தது. ஓர் இளைஞன் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.5 டன் இருக்கும், ஈரமானால் இன்னும் கூடும். இடுப்புவரை மூடினாலே ஆளை வெளியே இழுப்பது கஷ்டம். கட்டுமானப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 167-ஆவது உடன்படிக்கை, உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. 1988-லேயே வந்தது. இன்று எல்லோர் முன்னாலும் அவனுக்கு நன்றி சொன்னேன். கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான். மண்ணைத் தள்ளி, முட்டு கொடுத்து, பதினொரு மணிக்கு இறங்கினார்கள்.

ஜூன் 14, சனி

சாரத்தில் ஒன்பது பேர், கொக்கி மாட்டியது எட்டு. ஒன்பதாவது ஆளிடம் காரணம் கேட்டேன். "மூலைக்குக் கயிறு எட்டலை சார்." ஏறிப் பார்த்தேன். எட்டவில்லைதான்.