தமிழ் வேதாகமத்தைக் கணினியில் ஆராய்வதற்கு எந்த மென்பொருள்?

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை வேதபாடம் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்த நாள்முதல் இ-சோர்டு, தி வேர்ட், லோகோஸ் ஆகிய மூன்று மென்பொருள்களையும் மாறிமாறிப் பயன்படுத்தி வருகிறேன். எது சிறந்தது என்று விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் எதில் நூல்கள் அதிகம் என்பதையே அறிய விரும்புகிறார்கள். அதற்கு லோகோஸ் என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் தமிழில் படித்துத் தமிழில் போதிக்கிற ஒருவர் முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: தமிழ் வசனத்தை மூலமொழி வசனத்துக்கு அருகில் எவ்வளவு எளிதாக வைக்க முடிகிறது, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அது வருகிற இடங்களெல்லாம் விடுபடாமல் கிடைக்கின்றனவா என்பவை.

யோவான் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் கேள்வியில், கிரேக்க மூலம் முதல் இரண்டு முறை ‘அகபாவோ’ என்ற வினைச்சொல்லையும் மூன்றாம் முறை ‘பிலேயோ’ என்ற வினைச்சொல்லையும் ஆள்கிறது. கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் மூன்று இடத்திலும் ஒரே வினையைப் போட்டுவிடுவதால், அதை மட்டும் படிப்பவர் ஸ்ட்ராங் எண்களை (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட எண்களை) பார்த்துத்தான், அதாவது 25, 25, 5368 என்று மாறுவதைக் கண்டுதான், வேறுபாட்டை உணர முடியும். ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871இல் முழுமையாக வெளிவந்த நம் பழைய மொழிபெயர்ப்போ முதல் இரண்டு முறை ‘அன்பாயிருக்கிறாயா’ என்றும், மூன்றாம் முறை ‘நேசிக்கிறாயா’ என்றும் எழுதி, அந்த வேறுபாட்டை அப்படியே காத்துவைத்திருக்கிறது. இரண்டு வினைகளுக்கும் இடையே பொருள் வேறுபாடு உண்டா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தாலும், தமிழ் வாசகர் அந்த ஆய்வைத் தம் மொழியிலேயே தொடங்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இ-சோர்டில் எண்கள் இணைந்த ஆங்கில வேதாகமத்தையும் தமிழையும் அருகருகே திறந்து, எண்ணின்மேல் சுட்டியை நிறுத்தினால் கிரேக்கச் சொல்லும் பொருளும் உடனே தோன்றும். ரிக் மேயர்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த மென்பொருள் விண்டோஸ் கணினிக்கு இன்றும் இலவசமே. புதிதாகத் தொடங்குவோருக்கு இதைத்தான் முதலில் நிறுவித் தருகிறேன்.

தேடுதலில்தான் நான் வெகுவாக இடர்ப்பட்டேன். ஓர் இணையதளத்திலிருந்து எடுத்த தமிழ் வேதாகமக் கோப்பில் ‘பொறுமை’ என்று தேடியபோது ஒரு வசனமும் கிடைக்கவில்லை. ரோமர் 5ஆம் அதிகாரமோ ‘உபத்திரவம் பொறுமையையும்’ என்று திரையில் என் கண்முன்னே நின்றது. நெடுநேரம் தேடியபின் காரணம் விளங்கியது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘பொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: பகரத்துக்குப்பின் ஒகரக் குறி ஒன்றை மட்டும் வைப்பது ஒரு விதம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்றாலும், இரண்டையும் சமமாகக் கொள்ளாத தேடுபொறிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

இந்தப் பிழையை நானே திருத்த முடிந்தது தி வேர்ட் மென்பொருளால்தான். அதன் முழு வேதாகமக் கோப்பு, வரிக்கு ஒரு வசனமாக 31,102 வரிகள் கொண்ட எளிய உரைக்கோப்பாக இருக்கலாம். அதைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து, பிரிந்து நின்ற ஒகர ஓகாரக் குறிகளை மாற்றிச் சேமித்தேன். ‘பொறுமை’ வரிசையாக வந்து நின்றது. இ-சோர்டின் கோப்பு தரவுத்தள வடிவில் இருப்பதால் அதற்கெனத் தனிக் கருவி தேவைப்படும். வேற்றுமை உருபுகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்: ‘அன்பு’ என்று தேடினால் ‘அன்பை’, ‘அன்பினால்’ ஆகியவை விடுபடும், சொல்லின் பகுதியைத் தேடும் வசதியில் ‘அன்ப’ என்று கொடுத்தால் அவையும் சேர்ந்து வரும்.

லோகோஸை நான் குறைத்துப் பேசவில்லை. 1992இல் தொடங்கிய அந்த மென்பொருள் வசன எண்களின் வேறுபாட்டைக் கையாளும் விதம் மிகச் சிறந்தது. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு எபிரெய வேதாகமத்தில் இரண்டு வசனங்களாக எண்ணப்படுவதால், நமக்கு முதல் வசனமாக இருப்பது அங்கே மூன்றாவது வசனம். லோகோஸ் இதை அறிந்து சரியான வசனத்தையே பக்கத்தில் நிறுத்துகிறது. இறையியல் கல்லூரி மாணவருக்கு அதன் விளக்கவுரைகள் பெரும் பயன் தரும். ஆனால் அதன் மூலமொழிக் கருவிகள் ஆங்கில மொழிபெயர்ப்புகளைச் சுற்றியே அமைந்தவை. வாங்கும் நூல்களின் விலையும் ஒரு சிறிய கிராமச் சபையின் ஊழியருக்கு எட்டாதது.

ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஆண்ட் பைபிள் என்ற செயலி போதும். இலவசம், விளம்பரம் இல்லை, இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும்.

மூலமொழி ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருந்த பைபிள்வொர்க்ஸ் நிறுவனம் 2018 ஜூன் மாதத்தில் மூடப்பட்டபின், என் குறிப்புகளை எந்த மென்பொருளுக்குள்ளும் எழுதி வைப்பதில்லை. அவை எளிய உரைக்கோப்புகளாக, திருத்திய வேதாகமக் கோப்புடன் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. சென்ற புதன்கிழமை வேதபாடத்துக்கு வந்த இளைஞர் ஒருவர் அந்தக் கோப்பில் நீதிமொழிகள் பகுதியில் ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிரவே அந்த வரியைத் திறந்து திருத்தினேன்.